மறதி என்று முடிவு கட்டும் முன் காதைப் பாருங்கள்

கேள்வி இது: சேலம் அம்மாப்பேட்டையில் பல வருடம் விசைத்தறி ஓட்டிய அப்பாவுக்கு இப்போது வயது 72. சொன்னதையே திரும்பக் கேட்கிறார். "நீ எப்பச் சொன்ன?" என்கிறார். ஆட்கள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. இது காதுக் கோளாறா, மறதி நோயின் தொடக்கமா? காது மிஷின் போட்டால் மறதி நிற்குமா?

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில் குழப்பம் வேண்டாம்: காதுதான் முதலில். காதை முழுமையாகச் சோதிக்க ஒரு காலைப்பொழுது போதும். அதைச் செய்யாமல் எடுக்கும் ஞாபகசக்திப் பரிசோதனையை நம்ப முடியாது. டாக்டர் ஐந்து வார்த்தை சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். அந்த ஐந்தில் மூன்றுதான் சரியாகக் காதில் விழுந்தது என்றால், மறந்துபோனார் என்று மதிப்பெண் குறைவது அவருடைய மூளையின் குற்றம் இல்லை.

வயதில் வரும் காது மந்தத்தின் தன்மையைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உள்காதில் நத்தைக்கூடு வடிவத்தில் ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள். பிறக்கும்போது இருப்பவைதான், செத்துப்போனால் மறுபடி முளைப்பதில்லை. கூர்மையான ஒலிகளை வாங்கும் செல்கள் நுழைவாயிலில் இருக்கின்றன, அவைதான் முதலில் போகும். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வரும். க, ச, த, ப போன்ற மெய்யொலிகள் மெல்லியவை, அவற்றில் பல கூர்மையான சுருதியைச் சேர்ந்தவை. அதனால் "கட்டு", "தட்டு", "பட்டு" மூன்றும் பெரியவருக்கு "-அட்டு" என்றே போய்ச் சேரும். சத்தம் கேட்கிறது, சொல் பிரியவில்லை. "கேக்குது, ஆனா புரியல" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வீட்டில் உள்ளவர்களோ, "வேண்டியது மட்டும் நல்லாக் கேக்குது" என்று கோபப்படுகிறார்கள். ஆணின் தடித்த குரல் கேட்டு, பேத்தியின் மெல்லிய குரல் கேட்காமல் போவதும் இதே காரணத்தால்தான். அதில் பாரபட்சம் எதுவும் இல்லை.

உங்கள் அப்பா விஷயத்தில் வயதோடு தறியும் சேர்ந்திருக்கிறது. நாடா ஓடும் விசைத்தறிகள் வரிசையாக இயங்கும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே பாதுகாப்பான எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக வேண்டும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். கருவி இல்லாமல் கணக்குப் போட ஒரு வழி உண்டு: கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்ததா? அப்படியானால் அந்த இடம் 85-ஐத் தாண்டியது. கல் குவாரி, உலோகப் பட்டறை, ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் மரம் அறுக்கும் மிஷினும் புல் வெட்டும் மிஷினும் பிடித்தவர்கள், பல காலம் லாரி ஓட்டியவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். சத்தத்தால் வரும் சேதம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு) பக்கத்தில் தொடங்கும். மெய்யொலிகளுக்குத் தேவையான இடமும் அதுதான். இப்போதும் தறிக்குப் போகும் உறவினர் இருந்தால், சில ரூபாய்க்குக் கிடைக்கும் நுரை அடைப்பானைச் சுருட்டி, காதுமடலைப் பின்னால் மேலாக இழுத்துச் செருகி, அது விரியும் வரை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பஞ்சு வைப்பது பயன் தராது.

இனி மறதிக்கும் காதுக்கும் உள்ள தொடர்பு. அமெரிக்காவில் பால்டிமோரில் 639 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-ல் வெளியானது. ஃப்ராங்க் லின் என்ற இ.என்.டி. மருத்துவரின் குழு செய்தது. லேசான காது மந்தம் இருந்தவர்களுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு, நடுத்தர அளவுக்கு மூன்று மடங்கு, கடுமையான அளவுக்கு ஐந்து மடங்கு என்று அதில் தெரிந்தது. பிறகு லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-ல் டிமென்ஷியாவுக்கான 14 மாற்றக்கூடிய காரணிகளைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அதன் கணக்கு. அதில் காது மந்தத்தின் பங்கு 7 சதவீதம்; கெட்ட கொலஸ்ட்ராலுக்கும் அதே 7. இளவயதில் படிப்பு குறைவு 5, தனிமை 5, காற்று மாசு, மனச்சோர்வு, தலைக்காயம் தலா 3, சர்க்கரை, பி.பி., புகை, உடலுழைப்பின்மை, பார்வைக் குறைவு தலா 2, உடல்பருமனும் மதுவும் தலா 1.

இந்த 7 சதவீதத்தைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு 7 சதவீத ஆபத்து என்று பொருள் இல்லை. மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு அது. காது மந்தம் உண்மையிலேயே காரணம் என்று எடுத்துக்கொண்டால் மட்டும் பொருந்தும் கணக்கு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அப்படியென்றால் காது மந்தமான பெரியவர்களில் பெரும்பாலோருக்கு டிமென்ஷியா இல்லை. பயப்படுவதற்கு முன் இதை மனதில் வையுங்கள்.

எப்படித் தொடர்பு உண்டாகிறது? மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். பாதி கேட்ட சொற்களை இட்டு நிரப்பவே மூளை தன் சக்தியைச் செலவழிக்கிறது, மனதில் பதிய வைக்க மிச்சம் இருப்பதில்லை. ஒலி குறைவாகப் போவதால், ஒலியைக் கையாளும் மூளைப்பகுதி வேகமாகச் சுருங்குகிறது. கேட்காததால் மனிதர் பேச்சை விட்டு ஒதுங்குகிறார், தனிமை மூளையை மங்கச் செய்கிறது. இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: சர்க்கரையும் பி.பி.யும் புகையும் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும்போது உள்காதும் மூளையும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படலாம். அப்போது ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது, இரண்டுக்கும் வேர் ஒன்று. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையும் பி.பி.யும் இருப்பதால் இந்த நான்காவதை நான் மிகவும் முக்கியமாகப் பார்க்கிறேன். காது மிஷினை வாங்கிக்கொண்டு பி.பி. மாத்திரையை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். மாத்திரை வாங்க அலைய முடியவில்லை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை கொடுக்கிறார்கள். பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

மிஷின் போட்டால் மறதி நிற்குமா என்பதற்கு நேரான சோதனை ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் காது மிஷினும் பயிற்சியும், மற்றதற்குப் பொதுவான ஆரோக்கிய ஆலோசனையும் கொடுத்து 3 ஆண்டு கவனித்தார்கள். முடிவு 2023-ல் வந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அதில் 238 பேர் இதயநோய் ஆய்வு ஒன்றிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். வயது கூடுதல், சர்க்கரையும் பி.பி.யும் அதிகம், படிப்பு குறைவு. இவர்களில் மிஷின் போட்டவர்களுக்கு மூளைத்திறன் சரிவது 48 சதவீதம் மெதுவானது. உங்கள் அப்பா இந்த 238 பேர் கூட்டத்துக்கு நெருக்கமானவர். ஆகவே நம்பிக்கைக்கு இடம் உண்டு, உத்தரவாதத்துக்கு இல்லை. "மிஷின் போட்டால் டிமென்ஷியா வராது" என்று சொல்லி ஒன்றரை லட்ச ரூபாய் மாடலைத் தலையில் கட்டுபவர் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மறதிக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்காக மிஷினே வேண்டாம் என்று விடுவதும் தவறு. பேரப்பிள்ளை பேசுவது புரிவதற்கே அது தேவை.

வீட்டில் செய்துபார்க்க எளிய சோதனை: அப்பாவை உட்காரவைத்து, உதட்டசைவு தெரியாதபடி பின்னால் ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். சோதிக்காத காதின் முன்னால் இருக்கும் சிறு மடிப்பை அவரையே விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மூச்சை முழுக்க விட்டுவிட்டு, மீதக் காற்றில் கிசுகிசுப்பாக "நாலு, மா, ஏழு" என்பது போல எண்ணும் எழுத்தும் கலந்த மூன்றைச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லட்டும். தவறினால் வேறு மூன்று. மொத்தம் ஆறில் பாதிகூட வரவில்லை என்றால், கேட்கும் திறனைக் கருவியால் அளந்து தாளில் வரைந்து தரும் ஆடியோகிராம் அவசியம். ஒவ்வொரு காதையும் தனியாகப் பாருங்கள். ஒரு காது நன்றாக இருந்தால் மற்றதன் குறை வீட்டில் தெரியாமலே போகும்.

அடுத்து இன்னொன்று. சாவி, சீப்பு, எலுமிச்சம்பழம் மூன்றையும் பேசாமல் காட்டி, கையில் கொடுத்து வாங்கி, மறைத்து வையுங்கள். பத்து நிமிடம் கழித்து என்னென்ன என்று கேளுங்கள். வாயால் சொன்னது மட்டும் தங்கவில்லை, கண்ணால் பார்த்தது தங்குகிறது என்றால் சந்தேகம் காதின் பக்கம் சாய்கிறது. இதை வைத்து நோயை உறுதி செய்யவோ இல்லை என்று தள்ளவோ முடியாது. டாக்டரிடம் சொல்ல நல்ல தகவல், அவ்வளவே.

ஆடியோகிராமுக்கு முன் காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். வயதானால் குறும்பி காய்ந்து இறுகும், தானாக வெளியேறாது. குழாயை முழுக்க அடைத்துவிட்டால் அதுவே கேட்பதைக் கணிசமாகக் குறைக்கும். எடுத்த உடனே கேட்கும். ஆனால் அதை வீட்டில் எடுக்க வேண்டாம். ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு, பட்ஸ் எல்லாமே குறும்பியை உள்ளே தள்ளும், செவிப்பறையைக் கிழிக்கவும் கூடும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடாக ஊற்றுவது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. தோல் வெந்துபோகும், ஈரத்தில் காளான் வளரும், அரிப்பும் அடைப்பும் முன்பைவிட அதிகமாகும். செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, அவர் எழுதிக்கொடுக்கும் கரைக்கும் சொட்டு மருந்தைச் சில நாள் விட்டுவிட்டுப் போனால் சுலபமாக எடுத்துவிடுவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: காதுக்குழாயில் ஏற்படும் சிறு காயமோ, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதோகூட எலும்பு வரை பரவும் கடுமையான தொற்றுக்கு வழிவிடலாம். காதைச் சுத்தம் செய்தபின் இரவில் தூங்கவிடாத வலி வந்தால் மறுநாளே காட்டுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலிருந்து தொடங்கலாம், தனியாரிடமும் போகலாம். எங்கே போனாலும் நான்கு விஷயம் நடந்ததா என்று பாருங்கள். சத்தம் புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சோதித்தார்களா? காதுக்குப் பின்னால் எலும்பில் கருவி வைத்தும் சோதித்தார்களா? நடுக்காதின் அழுத்தத்தைப் பார்த்தார்களா? சொற்களைச் சொல்லி எத்தனை சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று எண்ணினார்களா? கடைசிச் சோதனையை நேரமில்லை என்று விட்டுவிடுவது உண்டு. மிஷின் எவ்வளவு உதவும் என்று முன்கூட்டிச் சொல்வது அதுதான் என்பதால் கேட்டு வாங்குங்கள். தமிழ்ச் சொற்களில் செய்யச் சொல்லுங்கள்.

ஆடியோகிராம் தாளை நீங்களே படிக்கலாம். இடமிருந்து வலமாகப் போகப் போகச் சுருதி ஏறும், கீழே போகப் போகச் சத்தம் கூடும். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது. வயதாலும் தறியாலும் வந்தது என்றால் இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றாக வலப்பக்கம் கீழே சரியும். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் நான்கிலும் காட்டும் டெசிபல் அளவுகளின் சராசரியை எடுங்கள். இரண்டில் நன்றாகக் கேட்கும் காதில் அது 20-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 20 முதல் 35-க்குள் லேசானது. 35 முதல் 50-க்குள் நடுத்தரம். 50 முதல் 65-க்குள் அதைவிடக் கூடுதல். 65-க்கு மேல் கடுமை. இது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவு. எலும்பு வழிக் கேட்பு நன்றாக இருந்து காற்று வழி மட்டும் குறைந்திருந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது: குறும்பி, சீழ், செவிப்பறை ஓட்டை, எலும்பு இறுக்கம். இவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவையாலோ சரிசெய்யலாம். அதைச் செய்யாமல் மிஷின் மாட்டிவிடக் கூடாது.

இரண்டு காதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் விடாமல் இருந்தாலோ, நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். பெரியவருக்கு ஒரு பக்க நடுக்காதில் மட்டும் நீர் கோத்திருந்தால் மூக்கின் பின்பகுதியை ஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட அவசரமானது: ஒரே இரவில், அல்லது மூன்று நாளுக்குள் ஒரு காது சட்டென்று கேட்காமல் போவது. அடைத்துக்கொண்டது, சளி, தானாகத் திறக்கும் என்று காத்திருந்து நாளைப் போக்குகிறார்கள். ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தவரை முதல் சில நாளிலேயே தொடங்கினால்தான் மீள வாய்ப்பு அதிகம். அன்றே போங்கள். கூடவே முகம் கோணுதல், பேச்சுக் குளறல், கைகால் பலவீனம், நிற்க முடியாத தலைச்சுற்றல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

மலைக்காரர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைப்பது எல்லாருக்கும் பழக்கம். ஏறும்போது நடுக்காதுக் காற்று தானாக வெளியேறும். இறங்கும்போதுதான் நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் திறந்து காற்று உள்ளே போக வேண்டும், அதனால் சேலத்துக்கு வரும் வழியில் அடைப்பு அதிகம். விழுங்குவது, கொட்டாவி விடுவது, எதையாவது மெல்லுவது போதும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதக் கூடாது, அதுவும் சளி இருக்கும்போது. அந்த அடைப்பு சமவெளிக்கு வந்த சில மணி நேரத்தில் போய்விட வேண்டும். மறுநாளும் ஒரு காது கேட்கவில்லை என்றால் மலைமேல் பழியைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரைப் பையை முழுதாகக் கொண்டுபோவது பல வீடுகளில் விட்டுப்போகும் வேலை. ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள், சில புற்றுநோய் மருந்துகள், அதிக அளவு ஆஸ்பிரின், நரம்பு வழி ஏற்றும் ஃபுரோசமைடு காதைப் பாதிக்கக்கூடியவை. இன்னொரு பக்கம், சளிக்கு எழுதும் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாமைக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் எல்லாம் பெரியவர்களின் நினைவை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். ரத்தத்தில் பி12, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, சோடியம், ரத்த அளவு பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம். குறைந்தால் மறதி போலவே காட்டும், ஊசியோ மாத்திரையோ போட்டால் தேறும். மனச்சோர்வும் மறதி வேடம் போடும். கண்ணில் புரை இருந்தால் தள்ளிப்போடாமல் எடுங்கள்: காது குறைந்தவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார், அதையும் புரை பறித்துவிடுகிறது.

ஞாபகசக்திப் பரிசோதனை இதற்கெல்லாம் பிறகு. அதற்குப் போகும்போது மிஷின் இருந்தால் போட்டுக்கொண்டு, அமைதியான அறையில், டாக்டரின் முகம் தெரியும்படி உட்கார வேண்டும். மிஷின் இன்னும் வாங்கவில்லை என்றால் ஒரு எளிய வழி: ஸ்டெதாஸ்கோப்பைப் பெரியவர் காதில் மாட்டி, மறுமுனையில் டாக்டர் மெதுவாகப் பேசினாலே பலருக்கு நன்றாகக் கேட்கும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

காதைத் தாண்டிய பிரச்சினை என்று சொல்லும் அறிகுறிகள் வேறு. பழகிய உழவர் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழி தெரியாமல் நிற்பது, சில்லறைக் கணக்கு தடுமாறுவது, வேட்டியைக் கட்டும் முறை மறப்பது, அடுப்பில் வைத்ததை விட்டுவிட்டுப் போவது மறுபடி மறுபடி நடப்பது, அமைதியான அறையில் முகம் பார்த்துத் தெளிவாகச் சொன்னதும் அரைமணியில் சுவடில்லாமல் போவது, காலையா மாலையா என்ற குழப்பம். இவை இருந்தால் காதுக்குக் காத்திராமல் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரையும் சேர்த்துப் பாருங்கள். டிமென்ஷியா என்றே உறுதியானாலும் காது மிஷினை நிறுத்தக் கூடாது. குழப்பமும் சந்தேகமும் கேட்காததால் இன்னும் கூடும்.

மிஷின் விஷயத்துக்கு வருவோம். வாங்கியவற்றில் நிறைய பீரோவுக்குள் போய்விடுகின்றன. காரணங்கள் எல்லாம் சரிசெய்யக்கூடியவை. முதலாவது, ஆடியோகிராம் பார்க்காமல் ஆன்லைனிலோ கடையிலோ வாங்கிய ஒலிபெருக்கி. எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் உயர்த்தும். தட்டு விழும் சத்தம் மண்டையைப் பிளக்கும், பேச்சு அப்படியே இருக்கும். காது மந்தமானவருக்கு மெல்லிய ஒலி கேட்காது, பலத்த ஒலியோ நம்மைப் போலவே, சில சமயம் நம்மைவிட அதிகமாக உறுத்தும். இரண்டுக்கும் இடைப்பட்ட சிறு இடைவெளிக்குள் பேச்சைப் பொருத்தத்தான் டிஜிட்டல் மிஷினும் அதை ஆடியோகிராமுக்கு ஏற்ப அமைக்கும் செவித்திறன் நிபுணரும் தேவை. இரண்டு காதிலும் குறை என்றால் இரண்டுக்கும் போடுவது நல்லது. பணம் இடிக்கிறது என்றால் ஒரு காதுக்காவது நன்றாக அமைத்துப் போடுங்கள். விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். 72 வயதில் பெரும்பாலும் வீட்டில் இருப்பவருக்கு உச்ச விலை மாடல் தேவையில்லை. காதுக்குப் பின்னால் மாட்டும், விரலுக்குப் பிடிபடும் அளவுள்ள, சார்ஜ் போடும் மாடல், வாங்கிய பிறகு மூன்று நான்கு முறை சரிசெய்து தருவதாக ஒப்புக்கொள்ளும் இடம்: இந்த இரண்டும் விலையைவிட முக்கியம்.

இரண்டாவது, முதல் நாளே எடுத்து வைத்துவிடுவது. பல வருடம் அடங்கிக் கிடந்த மூளைக்கு ஃபேன் சத்தம், குக்கர் விசில், செருப்புச் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் எரிச்சல்தான் வரும். முதல் வாரம் அமைதியான அறையில் ஒருவருடன் பேசும்போது ஒன்றிரண்டு மணி நேரம். இரண்டாம் வாரம் டி.வி., இரண்டு மூன்று பேர் பேச்சு. பிறகு தெரு, கோயில், கல்யாண வீடு. ஒரு மாதத்துக்குள் தூங்கும் நேரம் தவிர முழு நாளும் போடும் பழக்கம் வர வேண்டும். எந்தச் சத்தம் உறுத்தியது, யார் குரல் புரியவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் நிபுணர் சரியாகத் திருத்துவார். "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது, பராமரிப்பு. கீச்சென்று கூவினால், காதுக்குள் செருகும் அச்சு சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி சேர்ந்திருக்கிறது. சத்தமே வரவில்லை என்றால் முதலில் முனைத் துளையில் அடைத்திருக்கும் அழுக்கை அதற்கான தூரிகையால் எடுங்கள், பிறகு பேட்டரி. பொத்தான் பேட்டரியின் நிறம் அளவைச் சொல்லும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஒட்டியிருக்கும் வில்லையை எடுத்தபின் ஒரு நிமிடமாவது காற்றில் வைத்துவிட்டு மாட்டினால்தான் முழுச் சக்தி வரும். வில்லையை எடுத்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீரும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்கள். ஏற்காட்டில் மழைக்காலம் முழுதும் மூடுபனி. சேலத்தில் கோடை வியர்வை. இரண்டும் மிஷினுக்கு எமன். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் இரவு முழுதும் வைக்க வேண்டும்; குருணையின் நிறம் மாறினால் மாற்றுங்கள். குளிக்கும்போதும் எண்ணெய் தேய்க்கும்போதும் கழற்றிவிட வேண்டும். வெயிலிலோ அடுப்பு மேடையிலோ உலர்த்தக் கூடாது.

பணம் தடை என்றால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மிஷின் வழங்குகிறது. அதற்கு அடையாள அட்டையும் அளவுக்குமேல் குறையும் வேண்டும். 2016-ஆம் ஆண்டு சட்டப்படி இரு காதிலும் 60 டெசிபலாவது குறை இருந்தால்தான் கேட்கும் திறன் குறைந்தவர் என்ற வகைக்குள் வருவார். அந்த அளவு இல்லாவிட்டாலும், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தவர்களுக்கு 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்ட முகாம்களில் காது மிஷினும் உண்டு. முகாம் எப்போது என்று தெரிந்துகொள்ள முதியோர் உதவி எண் 14567-ல் கேட்கலாம்.

மிஷின் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டில் பேசும் விதம் மாற வேண்டும். இதற்குச் செலவு கிடையாது, பலன் அன்றே தெரியும். சமையலறையிலிருந்து கூப்பிடாதீர்கள், அருகில் போய், "அப்பா" என்று அழைத்து, அவர் திரும்பியபின் பேசுங்கள். மூன்று நான்கு அடி தூரம், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உதடு தெரியாது. கத்தினால் குரல் கூர்மையாகும், உயிரொலி மட்டும் பெருக்கும், முகமும் கோபமாகத் தெரியும். குரலின் சுருதியைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். மாத்திரை நேரம், டாக்டர் தேதி, பணம் இவற்றை எழுதிக் கொடுங்கள். கூட்டுக் குடும்பத்தில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் சாப்பாட்டு வேளைதான் அவர் எழுந்துபோகும் வேளை, டி.வி.யை நிறுத்தி, சுவர்ப்பக்கம் உட்காரவைத்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசினாலே இருப்பார். "ஒண்ணுமில்ல, விடுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேச்சிலிருந்து அவரை வெளியே தள்ளும் சொல் அது. அப்படித் தள்ளப்பட்டவர்தான் மெல்ல மெல்லத் திண்ணைப் பேச்சையும் கோயிலையும் விடுகிறார்.

விழுவதையும் கவனியுங்கள். லேசான காது மந்தம் உள்ளவர்கள்கூட விழுந்ததாகச் சொல்வது ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2012-ல் வந்த ஆய்வு சொல்கிறது. குளியலறையில் கைப்பிடி, இரவில் சிறு விளக்கு, வழியில் கால் தடுக்கும் மிதியடியை எடுப்பது போதும். தினமும் அரைமணி நடை; முடிந்தால் யாருடனாவது பேசிக்கொண்டே. பீடியும் புகையிலையும் இருந்தால் நிறுத்த உதவுங்கள், காதுக்கும் சேர்த்தே.

ஆடியோகிராமை வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, மிஷினை அதற்கேற்ப மாற்றி அமைக்க வேண்டும். காய்ச்சல், அறுவை, எலும்பு முறிவு என்று எதற்காவது மருத்துவமனையில் சேர்த்தால் மிஷின், பேட்டரி, கண்ணாடி மூன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். கேட்காமல், பார்க்காமல் புதிய இடத்தில் கிடக்கும் பெரியவருக்கு இரண்டு மூன்று நாளில் திடீர்க் குழப்பம் வரும் ஆபத்து அதிகம். அதை டிமென்ஷியா என்று தவறாக எழுதிவிடுவதும் உண்டு. எந்தக் காதில் நன்றாகக் கேட்கும், முகம் பார்த்துப் பேசவும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு அழைத்துப் போகும்போது கழற்றிய மிஷினை நர்ஸ் மேஜையில் விடாமல் உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் முதலில் அதை மாட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள்.